சீட்டாட்டம்: பொழுதுபோக்கும் இலாபமும் (ஓசூர் எல்லைப் பகுதி)

சீட்டாட்டத்தைப் பொழுதுபோக்காக ஆடுவது எது, இலாபத்துக்காக ஆடுவது எது என்ற கேள்வி இந்தியச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ரம்மி, போக்கர் ஆகிய இரண்டு ஆட்டங்களைச் சுற்றியே அண்மைக்கால வழக்குகள் பெரும்பாலும் நடந்துள்ளன. தமிழ்நாடும் கர்நாடகமும் வெவ்வேறு காலங்களில் இக்கேள்விக்கு வெவ்வேறு விடை சொன்னதால், இரு மாநிலங்களும் தொடும் ஓசூர் வட்டாரத்தில் இதன் வரலாறு தனியாகப் பார்க்கத் தக்கது. ஒரே ஆட்டம் ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் குற்றமாகவும் அந்தப் பக்கம் குற்றமற்றதாகவும் இருந்த மாதங்கள் உண்டு. சில மாதங்களில் அது தலைகீழாகவும் மாறியது.

எல்லையும் மக்களும்

உத்தனப்பள்ளி, ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஊர். இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் வீட்டு மொழிகள். சீட்டாட்டத்துக்கே இங்கு மூன்று பெயர்களைக் கேட்கலாம்: தமிழில் சீட்டு, தெலுங்கில் பேக்காட்ட, கன்னடத்தில் இஸ்பீட்டு. மூன்றாவது பெயர் ஸ்பேடு என்ற சீட்டின் பெயரே. தமிழ்நாட்டில் நாம் சொல்லும் ஆட்டின், டைமண்ட், கிளாவர், இஸ்பேட் என்ற வரிசையிலும் ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கிளப் எனப்படும் சீட்டுக்கு டச்சு மொழியில் கிளாவரன் என்று பெயர். ஹார்ட் அங்கே ஹார்டன். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்தவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் 1792இல் பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல் ஓசூர்ப் பகுதியும் சேர்ந்தது. அதே ஆண்டில் மைசூர் அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (ஆட்சி: 1799-1868) சீட்டாட்டத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். கஞ்சிபா எனப்படும் கையால் ஓவியம் தீட்டிய சீட்டுகளில் புதிய ஆட்டங்களை வகுத்தார். ‘ஸ்ரீதத்துவநிதி’ என்ற அவரது பெருந்தொகுப்பில் ‘கௌதுக நிதி’ என்ற பகுதி இந்த ஆட்டங்களைப் பற்றியது. அரண்மனையில் அது கலையும் பொழுதுபோக்கும். பழைய மைசூர்ச் சீமையின் ஊர்ப்புறங்களில் யுகாதியை ஒட்டிப் பணம் வைத்துச் சீட்டாடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நம் பக்கத்து ஊர்களில் பொங்கல் விடுமுறையில் ஆடுவதைப் போன்றதுதான் அதுவும்.

இன்றைய எல்லை அந்த 1799இல் தொடங்கியது. ஓசூர் சேலம் மாவட்டத்திலும், 1965க்குப் பின் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருந்துவருகிறது. 1970களில் சிப்காட் வந்தபின் ஓசூர் தொழில் நகரமானது. மூன்று ஷிப்டு வேலை, வாடகை அறைகள், வெளியூர் இளைஞர்கள், மாதச் சம்பளம் என்ற வாழ்க்கை, தொழிற்சாலைகளோடு உத்தனப்பள்ளி வரை பரவியுள்ளது. பிற்காலக் கைப்பேசி ஆட்டங்களுக்கு இதைவிட ஏற்ற களம் அமைவது அரிது.

பழைய நூல்கள் கேட்ட கேள்வி

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. அதன் முதல் குறள் தோற்பவனைப் பற்றியது அல்ல, வெல்பவனைப் பற்றியது. வென்ற பணமே மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்பது அதன் கருத்து. திறமை இருந்தால் ஆடலாம் என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. வெற்றியையும் சேர்த்துத்தான் வள்ளுவர் விலக்குகிறார்.

அர்த்தசாஸ்திரம் வேறு வழியில் போகிறது. சூதாட்டத்துக்கென ஓர் அதிகாரியை வைத்து, ஆட்டத்தை ஒரே இடத்தில் நடக்கச் செய்து, வென்ற தொகையில் நூற்றுக்கு 5 பங்கும் காய்களுக்கான வாடகையும் வாங்கச் சொல்கிறது. சூதில் நிச்சயமாக இலாபம் பெறுபவர் யார் என்பதை அந்நூல் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறது: ஆடுபவர் அல்லர், ஆட்டத்தை நடத்துபவர்.

பின்னாளைய சட்டங்களில் இந்த இரண்டாவது பார்வை இருந்துகொண்டே வந்தது. ஆனால் நீதிமன்ற வாதங்களில் அது ஓரத்துக்குப் போய், ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்ற கேள்வி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

1930ஆம் ஆண்டுச் சட்டம்

சென்னை மாகாணத்தில் நகருக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டமும், மற்ற ஊர்களுக்கு 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் வந்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மரத்தடியிலோ தோப்பிலோ பணம் வைத்து ஆடியவர்கள் கைது, சீட்டுக்கட்டும் ரொக்கமும் பறிமுதல் என்று செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நாம் படிப்பதெல்லாம் இந்த 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான்.

இச்சட்டத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ‘பொதுச் சூதாட்ட இல்லம்’ என்பதை வரையறுக்கும்போது, அந்த இடத்தை வைத்திருப்பவருக்கு இலாபம் கிடைக்கும்படி ஆட்டக் கருவிகள் வைக்கப்பட்டிருப்பதை அது முக்கியமாக்குகிறது. கட்டணமாக வாங்கினாலும் வேறு எப்படி வாங்கினாலும் அது இலாபமே. இரண்டாவது, 11ஆம் பிரிவு: திறமை ஆட்டங்களுக்கு இச்சட்டத்தின் முக்கியத் தண்டனைப் பிரிவுகள் பொருந்தா. முதல் பகுதி ‘யாருக்கு இலாபம்’ என்று கேட்கிறது. 11ஆம் பிரிவு ‘எந்த வகை ஆட்டம்’ என்று கேட்கிறது. வழக்கறிஞர்கள் 11ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டார்கள்.

கர்நாடகத்தில் 1963ஆம் ஆண்டின் காவல் சட்டம் இதே வேலையைச் செய்கிறது. அதிலும் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு உண்டு.

இவற்றோடு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்ற பணத்தைத் தரச் சொல்லி எவரும் நீதிமன்றம் போக முடியாது. சீட்டுக் கடனை வாக்குச் சுத்தமாகத் தீர்க்க வேண்டும் என்ற ஊர்ப் பழக்கத்துக்குப் பின்னால் இந்த உண்மையும் இருக்கிறது. கேட்டுப் பெற வழியில்லாத கடன் அது.

செகந்திராபாத் மன்றமும் ரம்மியும்

செகந்திராபாத்தில் கிரசென்ட் பொழுதுபோக்கு மன்றம் என்ற ஒன்றில் காவல்துறை நுழைந்து, பணம் வைத்து ரம்மி ஆடியவர்களையும் மன்றத்தினரையும் பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆந்திர அரசுக்கும் கே. சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான அந்த வழக்கின் தீர்ப்பு, ரம்மி வழக்குகள் எல்லாவற்றுக்கும் தாய்த் தீர்ப்பு. ‘ஏ.ஐ.ஆர். 1968’ தொகுதியில் உள்ளது. நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதியது.

ரம்மி மூன்று சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் அன்று, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதை எறிவது என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்பது தீர்ப்பின் சாரம். இந்தப் பகுதியை எல்லோரும் அறிவர். விளம்பரங்களில் சொல்லப்பட்டதும் இதுவே. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. மன்றத்தின் உரிமையாளர் பணம் வைத்து ஆடப்படும் ஆட்டத்திலிருந்து இலாபம் எடுப்பதாகச் சான்று இருந்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்கிறது அது. செகந்திராபாத் மன்றம் வாங்கியது சிறு கட்டணம். உறுப்பினர்களுக்கான வசதிகளுக்கு அது ஏற்றதே என்று கருதப்பட்டது. ஐம்பது ஆண்டு விவாதத்தில் இந்த இரண்டாவது வரிக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தமிழ்நாட்டில் ‘மனமகிழ் மன்றம்’ என்ற பெயர்ப் பலகையின்கீழ் இதே சிக்கல் தொடர்ந்தது. 2005இல் சென்னை உயர் நீதிமன்றம், 13 சீட்டு ரம்மி ஆடுவதில் காவல்துறை குறுக்கிட முடியாது என்று ஒரு மன்றத்தின் வழக்கில் கூறியது. மகாலட்சுமி கலாசாரச் சங்கத்தின் வழக்கில் 2012இல் அதே நீதிமன்றம், பணம் வைத்து ஆடினால் ரம்மியும் சூதே என்றது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது சங்கம் தன் மூல மனுவையே திரும்பப் பெற்றுக்கொள்ள, 2015இல் அந்தத் தீர்ப்பின் கருத்துகள் வலுவிழந்தன. முடிவான விடை கிடைக்காமலே காலம் போயிற்று. அதற்குள் மன்றமே கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

போக்கர்

போக்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் உருவாகி, மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகள் வழியே பரவியது. இன்று பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் வகையில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு மறைவாகவும், மேசையில் 5 சீட்டு பொதுவாகவும் இருக்கும். 52 சீட்டில் 2 சீட்டு அமையும் வழிகள் 1,326. ஐந்து சீட்டு அமையும் வழிகள் 25,98,960. (பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்திலும் இதே 52 சீட்டுக்கட்டு வரும். சீட்டையே கண்டிராத பிள்ளைகளுக்குச் சிவப்புச் சீட்டு எத்தனை, கறுப்பு எத்தனை என்று கரும்பலகையில் வரைந்து காட்டித்தான் நடத்த வேண்டியிருக்கும்.)

ரம்மியில் ஒருவர் தன் கையைச் சேர்க்கிறார். போக்கரில் கை நல்லதோ கெட்டதோ, பந்தயத்தை உயர்த்தி எதிராளியை விலகச் செய்ய முடியும். ஆகவே மனிதரைப் படிப்பதும், எப்போது விலக வேண்டும் என்று அறிவதும் திறமை. லாஸ் வேகாஸில் 1970 முதல் உலகப் போக்கர் தொடர் நடக்கிறது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 86 டாலர் கட்டி இணையத் தகுதிச் சுற்றில் வென்று, முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார். பொழுதுபோக்காக ஆடியவர் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்ற அந்தக் கதை, உலகெங்கும் இணையப் போக்கர் பெருகக் காரணங்களுள் ஒன்று. அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர் 839 பேர். மற்ற 838 பேரின் கதை விளம்பரத்துக்கு உதவாது.

இந்தியாவில் போக்கர் பற்றிய விடை மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றோடு போக்கரையும் சூது என்ற வரையறையிலிருந்து விலக்கியது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013இல், திறமை ஆட்டமாக நடத்தப்படும் போக்கருக்கு உரிமம் தேவையில்லை என்றது. பெங்களூரில் போக்கர் மன்றங்கள் வளர இது வழி செய்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் போக்கரைச் சூதே என்றது.

மேசையின் கணக்கு

ஒரு சிறு கணக்கு இங்கே பயன்படும். ஆறு பேர், ஆளுக்கு 500 ரூபாய். மேசையில் மொத்தம் 3,000. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆளுக்கு 50 வைக்கிறார்கள். ஆட்டத் தொகை 300. ஊர்த் திண்ணையில் ஆடினால், விடியும்வரை ஆடினாலும் டீச் செலவு போக அந்த 3,000 அந்த ஆறு பேருக்குள்ளேயே இருக்கும். ஒருவர் இழந்தது இன்னொருவரிடம் இருக்கும். அடுத்த ஞாயிறு திரும்பவும் வரலாம்.

இப்போது நடத்துபவர் ஒருவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கு 10 எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 30 ரூபாய். 100 ஆட்டத்தில் 3,000 ரூபாய். ஓர் ஆட்டத்துக்கு 4 நிமிடம் என்றால், ஒரு ஷிப்டு நேரத்துக்குள் மேசைமேல் இருந்த பணம் முழுவதற்கும் சமமான தொகை வெளியே போய்விடும். ஆறு பேரும் தொடர்ந்து ஆட வேண்டுமானால் புதிய பணம் கொண்டுவந்தாக வேண்டும். எதிரில் இருப்பவரைவிடத் திறமை கூடியிருந்தால் மட்டும் போதாது. இந்தப் பத்து விழுக்காட்டையும் தாண்டும் அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். போக்கரில் இந்தப் பிடித்தத்துக்கு ‘ரேக்’ என்று பெயர்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் திறமையும் இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களது வருமானம், திறமை குறைந்தவர்கள் மேசைக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதைப் பொறுத்தது. கடலை விளைவித்தால் சந்தைக்குப் புதிதாக ஒரு மூட்டை வருகிறது. மேசையில் புதிதாக எதுவும் விளைவதில்லை.

பொழுதுபோக்காக ஆடுபவரை எப்படி அடையாளம் காண்பது? அவர் இன்று எவ்வளவு இழக்கலாம் என்பதை முன்பே முடிவு செய்திருப்பார், திரைப்படச் சீட்டு வாங்குவதைப்போல. இலாபத்துக்கு ஆடுபவர் கணக்குப் புத்தகம் வைத்திருப்பார். இரண்டும் இல்லாமல், இழந்ததை மீட்க ஆடுபவரே மூன்றாமவர். நடத்துபவரின் வருமானம் பெரிதும் இவரை நம்பியுள்ளது. ஓசூர் அறையில் தங்கியிருக்கும் ஓர் இளைஞர் சம்பளத் தேதியில் முதல் வகையாகத் தொடங்கி, மாதக் கடைசியில் மூன்றாம் வகையில் நிற்பது எளிது.

வருமான வரிச் சட்டமும் இதை ஒரு தொழிலாக ஏற்றதில்லை. சீட்டாட்ட வெற்றிப் பணத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. அதை ஈட்டச் செய்த செலவைக் கழிக்க முடியாது. இணைய ஆட்டங்களில் 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றித் தொகைமீது வரிப் பிடித்தம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், செலுத்தும் முழுத் தொகைமீது 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் வந்தது.

எல்லை புரண்ட ஆண்டுகள்

2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, பணம் வைத்து ஆடும் இணைய ரம்மி, போக்கரைத் தடை செய்தது. கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதை வைத்தே செயலிகள் மாநிலத்தைக் கண்டறிந்தன. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி 10 கிலோமீட்டருக்குள். அங்கே அதே ஆட்டத்துக்குத் தடையில்லை. இச்சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று நீக்கியது. திறமை ஆட்டங்களையும் சேர்த்து மொத்தமாகத் தடுப்பது அளவுக்கு மீறியது என்பது காரணம்.

இரண்டே மாதத்தில் காட்சி மாறியது. கர்நாடக அரசு தன் காவல் சட்டத்தைத் திருத்தி 2021 அக்டோபர் 5 முதல் தடையைக் கொண்டுவந்தது. இப்போது அத்திப்பள்ளியில் தடை, ஓசூரில் இல்லை. 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கியது.

தமிழ்நாடு விடவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் புதிய சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அச்சட்டத்தின் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அவ்விரு ஆட்டங்களை மட்டும் அட்டவணையிலிருந்து எடுத்தது. மறுபடியும் 11ஆம் பிரிவின் பழைய கேள்வியே வென்றது.

அதன்பின் அரசு வேறு வழியைப் பிடித்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள் ஆட்டத்தைத் தடுக்காமல், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் மூலம் அடையாளம் காட்ட வேண்டும் என்றன. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றது. இரண்டாம் ஷிப்டு முடிந்து அறைக்கு வரும் நேரம் எது என்பதை அறிந்தவர்களுக்கு, இத்தனை ஆண்டுச் சட்டங்களில் ஓசூரின் நாடியைப் பிடித்தது இந்த ஒரு விதிதான் என்று தோன்றும்.

அது நீண்ட நாள் தனித்து நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டம் எதுவாயினும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்தின.

‘யாருக்கு இலாபம்’ என்ற கேள்வியை நேராகக் கையில் எடுத்த வகையில் இச்சட்டம் புதியது. ஆனால் நூறு ரூபாய் எல்லை வைத்து ஆடியவருக்கும், மாதச் சம்பளத்தை வைத்து ஆடியவருக்கும் இடையே அது வேறுபாடு பார்க்கவில்லை. பிடித்தத்துக்கும் இழப்புக்கும் உச்சவரம்பு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சோதித்துப் பார்க்கப்படாமலே போயிற்று.

இச்சட்டத்தை எதிர்த்துக் கர்நாடகம், டெல்லி, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. காகிதச் சீட்டுக்கு இச்சட்டம் பொருந்தாது. உத்தனப்பள்ளித் தோப்பில் விரித்த துண்டின்மேல் விழும் சீட்டுக்கு 1930ஆம் ஆண்டுச் சட்டம், அத்திப்பள்ளியில் விழும் சீட்டுக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டம் என்ற நிலை அப்படியே தொடர்கிறது.